வெப்ப மண்ணுக்கு ஏற்ற ஆரஞ்சு எது?

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டின் பின்புறம் ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலம் உண்டு. குடகுக்கோ கொடைக்கானலுக்கோ போய் வருகிறவர்கள் ஒரு கமலா ஆரஞ்சுக் கன்றையும் கையோடு கொண்டு வந்து நட்டு விடுகிறார்கள். ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகு, "மரம் நல்லா வளருது, பழம் மட்டும் இல்லையே" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். பழ வியாபாரத்தில் தலை நரைத்தவன் என்ற முறையில், படித்தும் பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நாம் நாரத்தை என்கிறோம். மலையாளத்தார் நாரங்ங என்கிறார்கள். பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நாரஞ்சா. அதுவே ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆயிற்று. இதன் வேர் திராவிடச் சொல் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இனி மரத்துக்கு வருவோம். தோல் எளிதில் உரியும் கமலா ஆரஞ்சு நம் தெற்கே மலைப்பயிர். குடகு, கீழ்ப்பழனி மலை, 1943-இல் அரசு ஆரஞ்சுப் பண்ணை தொடங்கிய நெல்லியாம்பதி எல்லாம் உயரமான இடங்களே. "நாக்பூர் வெயில் ஊர்தானே, அங்கே எப்படி விளையுது?" என்று கேட்பீர்கள். அங்கே குளிர்காலத்தில் இரவு நன்றாகக் குளிரும், காற்றும் வறண்டது. ஆரஞ்சு மரம் பூப்பதற்குக் குளிராலோ வறட்சியாலோ ஓர் ஓய்வு வேண்டும். நமக்கோ மார்கழியிலும் இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மழையும் இரண்டு பருவம்.

தோல் மஞ்சளாவதற்கும் குளிர்ந்த இரவு தேவை. ஆகவே இங்கே பழுத்த பழம்கூடப் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்துக் காய் என்று ஒதுக்காதீர்கள். பறித்துச் சுவைத்துப் பாருங்கள்.

எதை நடலாம்? தொப்புள் போன்ற நுனியுள்ள நேவல் ஆரஞ்சு கடும் வெப்பத்தில் பிஞ்சை உதிர்த்துவிடும். சிசிலித் தீவின் சிவப்புச் சுளை ஆரஞ்சுக்குக் குளிர் இல்லாவிட்டால் சிவப்பு ஏறாது. இவ்விரண்டும் வேண்டாம். இனிப்புப் பழம்தான் வேண்டுமென்றால் சாத்துக்குடி நடுங்கள். ராயலசீமை, நல்கொண்டா வெயிலைத் தாங்கும் மரம் அது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் மண்ணுக்கு இன்னும் உறுதியானவை பம்பளிமாஸ், நாரத்தை, எலுமிச்சை.

ஒட்டுக்கன்று வாங்கும்போது அடிக்கன்று எது என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை வறட்சியைத் தாங்கும். பிரேசிலில் 1930, 40களில் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டிய மரங்கள் டிரிஸ்டீசா என்னும் வைரஸ் நோயால் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. மலையிலிருந்து எடுத்து வரும் கன்றோடு நோயும் வரலாம். ஆகவே வெள்ளாயணி வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் விசாரித்து வாங்குவதே நல்லது.

மேட்டில் நடுங்கள்; ஒட்டுப் பகுதி மண்ணுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். இல்லையேல் இடவப்பாதி மழையில் அடித்தண்டு அழுகிப் பிசின் வடியும். மரம் காய்க்கும் பருவம் அடைந்ததும், ஜனவரியில் மூன்று நான்கு வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை லேசாக வாடியதும் உரமிட்டு நீர் விடுங்கள். வடநாட்டார் 'பஹார்' என்று சொல்லும் முறை இதுதான். குளிர் தராத ஓய்வை வறட்சியால் தருவது.

மண்ணைக் கேட்டு மரம் வையுங்கள். பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள்.