கல்சுபாய் மலையில் ஒரு நாள்

"ஐம்பத்தெட்டு வயதில் உங்களுக்கு ஏன் சார் இந்த வேண்டாத வேலை?"

சங்கத்தின் பொங்கல் விழாவில் நான் விந்தி விந்தி நடந்ததைப் பார்த்து நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நம் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். ஒரு பகுதி என் வீட்டு விஷயம். என் பெண்ணிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

கல்சுபாய், மகாராஷ்டிராவிலேயே உயரமான சிகரம். 1646 மீட்டர். "இவ்வளவுதானா? நம் தொட்டபெட்டா 2637 ஆயிற்றே!" என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். தொட்டபெட்டாவுக்குக் காரிலேயே போய் இறங்கிப் பஜ்ஜி சாப்பிடலாம். கல்சுபாய்க்கு அந்த வசதி கிடையாது. அடிவாரத்துப் பாரி கிராமத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல், சொந்தக் காலில்தான் ஏற வேண்டும்.

மும்பையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். வருஷா வருஷம் சென்னை ரயிலில் கர்ஜத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு எனக்கும் சஹ்யாத்ரிக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். என் பெண் அப்படியில்லை. கல்லூரி நாளிலிருந்தே மாதம் ஒரு மலை. "ஒரு தடவையாவது என்கூட வாங்கப்பா" என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 2025 ஜனவரி முதல் சனிக்கிழமை என்று தேதி குறித்தோம்.

அதற்கு மூன்று நாள் முன்னால் வீட்டில் ஒரு சங்கடம். அவளுக்குச் சென்னையில் ஒரு வரன் பார்த்திருந்தோம். ஜாதகம் பொருந்தி, பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் எங்களிடம் ஆரம்பத்திலேயே சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விட மாட்டேன்." நானும் சரி என்று சொல்லியிருந்தேன். அன்று பையனின் அப்பா போனில், "கொஞ்ச நாள் வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கட்டுமே சார்" என்றார். "அதெல்லாம் சொன்னா கேட்பா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பினால் அவள் வாசற்படியில் நிற்கிறாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பயணம் ரத்தாகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளி ராத்திரி என் முன்னால் ஒரு முதுகுப் பையைக் கொண்டுவந்து வைத்தாள். "கனமானதை முதுகை ஒட்டி நடுவுல வைக்கணும். பாரம் தோள்ல இல்லாம இடுப்புல உட்காரணும். தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர்" என்றாள். நாலு லிட்டர் என்றால் நாலு கிலோ ஆயிற்றே! அவள் தூங்கியதும் என் பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தின் பலன் பின்னால் வரும்.

ஏற்றம்

இருட்டோடு கிளம்பிக் கல்யாணில் கசாரா லோக்கலைப் பிடித்தோம். கசாரா, அந்தப் பாதையில் லோக்கல் ரயிலின் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் தல் காட் ஏற்றம். 37 அடி போனால் ஓர் அடி உயரும். கர்ஜத்தில் நாம் வடாபாவ் வாங்கும் நேரத்தில் ரயிலுக்குப் பின்னால் 'பேங்கர்' என்ஜின் மாட்டுவார்களே, அதே மாதிரி இங்கேயும் பின்னாலிருந்து தள்ள என்ஜின் உண்டு. எங்களுக்கு ஜீப். அது ஆள் நிரம்பிப் புறப்பட்டு, இகத்புரி, கோட்டி வழியாகப் பாரி போய்ச் சேரும்போது மணி பத்து. "ரெண்டு மணி நேரம் லேட்" என்றாள். அன்று காலை அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

முதலில் வயல் வரப்பு, ஓர் ஓடை, பிறகு ஏற்றம். சஹ்யாத்ரியின் கறுப்புப் பாறை, சுமார் ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது. அதனால் மலை ராட்சதப் படிக்கட்டு போல இருக்கிறது. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். நீலகிரியின் பாறை இதைவிடப் பல மடங்கு பழையது, வேறு ஜாதி. ஆனால் மலைத்தொடர் ஒன்றுதான். இங்கே சஹ்யாத்ரி என்கிறார்கள், நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். இந்தப் பக்கத்து மலைகளில் கார்வி என்றொரு புதர் உண்டு. அதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவார்கள். எட்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். போரிவலிக் காட்டில் 2016-லும் 2024-லும் பூத்தது. நம் குறிஞ்சியின் இனம்தான். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம், இதற்கு எட்டு.

இரண்டாவது ஏணியிலேயே மூச்சு வாங்கியது. வழியில் ஒரு தட்டிக் கொட்டகை. ஒரு மாவ்ஷி எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவருக்கும் இரண்டு கொடுத்தோம். என் மராத்தி ஆபீஸ் மராத்தி, கோப்பு, கையெழுத்து தாண்டிப் போகாது. என் பெண் அவரோடு பாரியிலேயே பிறந்தவள் மாதிரி பேசினாள். மலைக்கு ஏன் இந்தப் பெயர் என்று நான் கேட்க, அவள் கேட்டு வாங்கிச் சொன்னாள்.

கல்சு ஒரு கோளி இனத்துப் பெண். அடிவாரத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சேரும்போதே ஒரு நிபந்தனை: பாத்திரம் தேய்க்க மாட்டேன், குப்பை பெருக்க மாட்டேன். வீட்டார் சரி என்றார்கள். நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் வீட்டில் யாரோ, "இன்றைக்கு ஒரு நாள் செய்தால் என்ன?" என்று ஏவினார்கள். கல்சு சண்டை போடவில்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்தாள். முடித்த கையோடு மலை ஏறிப் போனாள். திரும்பி வரவேயில்லை. மலை உச்சியில் அவளுக்குத்தான் கோயில். நவராத்திரியில் திருவிழா.

மொழிபெயர்த்து முடித்ததும் என் பெண் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "போலாமாப்பா?" அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் இட்லி தொண்டையில் நின்றது.

உச்சி

இரண்டேகால் மணிக்கு உச்சி. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் சின்னக் கோயில். குங்குமம் இட்டுக்கொண்டு வெளியே வந்தால், கீழே பண்டார்தரா ஏரி தகடு போல மின்னுகிறது. பிரவரா நதியை மறித்து 1926-ல் கட்டி முடித்த வில்சன் அணையின் தண்ணீர். மேற்கே அலங், மதன், குலங் என்று மூன்று கோட்டைகள் வரிசையாக. தெற்கே மலைக்குப் பின் மலை. அப்படியே போய்க்கொண்டே இருந்தால் நம் ஊர்.

"அன்னிக்குப் போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் கேட்டது கூட எனக்குப் பெரிசில்லைப்பா. நீங்க எனக்குச் சரின்னு சொன்னது அவருக்கும் தெரியும்னு நான் நெனச்சுண்டிருந்தேன்" என்றாள்.

பதில் இல்லை என்னிடம்.

இறக்கம்

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். ஏறும்போது மூச்சுதான் முட்டும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிரேக் மாதிரி பிடிக்க வேண்டும். அது களைத்ததும் முழங்கால் அடி வாங்கும். என் இரண்டு லிட்டர் தண்ணீர் உச்சியிலேயே தீர்ந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏணியின் நடுவில் கால் வெடவெடவென்று நடுங்க, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அவள் கீழிருந்து திரும்ப ஏறி வந்தாள். என் காலைப் பிடித்து ஒவ்வொரு கம்பியிலும் வைத்தாள். "இது ஒண்ணு மட்டும் பாருங்க. அடுத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்." கீழே வந்ததும் தன் பாட்டிலை நீட்டினாள். என் பையைக் கழற்றி முன்பக்கமாக மாட்டிக்கொண்டாள். முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று. தூக்கிப் பார்த்தவள், "தண்ணியை வீட்லயே வச்சுட்டு வந்தீங்களா?" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

ஆறு மணிக்கு மேல் இருட்டிவிட்டது. அவள் நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், அவள் தோளைப் பிடித்தபடி பாரி வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். ஒரு கிராமத்து வீட்டில் பிட்லாவும் பாக்ரியும் சூடாகச் சாப்பிட்டு அங்கேயே படுத்தோம். அந்த ருசியில் எந்தக் கல்யாண விருந்தும் நான் சாப்பிட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு

மழைக்காலத்தில் பாறையும் ஏணியும் வழுக்கும். முதல் தடவை என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. முந்தின நாளே பாரி போய்த் தங்கி விடியற்காலையில் ஏறுங்கள். இறங்கும்போது கைத்தடி, சின்னச் சின்ன அடி. ஆளுக்கொரு டார்ச். தண்ணீர் நாலு லிட்டர். அதில் கணக்குப் பார்க்காதீர்கள், நான் பார்த்தது போதும். முக்கியமாக, அழைத்துப் போகும் பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை சென்னைக்குப் போன் செய்தேன். "என் பெண் வேலையை விட மாட்டாள் சார். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லாதது என் தப்பு" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

முழங்கால் தேவலை. அடுத்து ரத்தன்காட் கோட்டையாம். இந்தத் தடவை என் பையை நானே தூக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.