தாய்ப்பாலும் புட்டியும்
பேராக் தோட்டங்களில் மரம் வெட்டச் செல்லும் தாய், விடியுமுன் குழந்தையை விட்டுச் செல்ல வேண்டியவள். 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாட்கள். அதன்பின் புட்டியை நாடுவதில் தவறில்லை. அதனுள் இருப்பது எது என்பதே நம் கவலை. சீனி கலந்த டின் பாலைப் புகட்டியதால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டுமென டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் முழங்கினார்.

தாய்ப்பாலையே சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைப்போம். நம் வெயிலில் அதனை மூன்று மணி நேரத்திற்குள் புகட்டிவிட வேண்டும். குளிர்ப்பெட்டியில் நான்கு நாட்கள் இருக்கும். வேலைக்குத் திரும்ப இரண்டு வாரங்களுக்கு முன்பே பழக்குதல் நன்று. தாய் புகட்டினால் குழந்தை மார்பையே தேடும். ஆகவே பாட்டி புகட்டட்டும், அதுவும் கடும்பசி எழுமுன். புட்டியை ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் இடுக. புட்டியை மறுக்கும் பிள்ளைக்கு நம் பழைய பாலாடையே போதும், கழுவுவதும் எளிது.