ஐட்லிங் நிற்காத காரும் குறையறி தேர்வும்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தை ஒட்டிய கடலூர் சாலையில் காலை எட்டரை மணிக்கு வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும். பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர்கள் பலர் அந்த வரிசையில் இருப்போம். சென்ற ஆண்டு சில வாரங்கள் அங்கே எனக்குப் பெரும் சோதனை. என்னுடையது கார்புரேட்டர் பொருத்திய, மூன்று சிலிண்டர் கொண்ட பழைய கார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் குலுங்கும்; சில நொடிகளில் அணைந்துவிடும்.

பிளக்குகளை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிறகு ஒரு பணிமனையில் சொன்னதைக் கேட்டு வேறு கார்புரேட்டரே வாங்கிப் போட்டேன். குறை அப்படியே இருந்தது. கடைசியில் வேறொரு மெக்கானிக், "சார், எதையும் கழட்டாதீங்க. வண்டி ஓடட்டும், முதல்ல கேப்போம்" என்றார். கால் மணி நேரத்தில் குறையைக் கண்டுபிடித்தார்: விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றில் மெல்லிய வெடிப்பு. நான் செலவழித்த ஆயிரங்கள் எல்லாம் கண்டறியாமல் மருந்து கொடுத்ததற்கான விலை. அன்று அவர் செய்த வரிசையை ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்வது இரு வகையில் பயன்படும்.

ஐட்லிங்கில் என்ன நடக்கிறது?

நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் ஒரு சிலிண்டருக்கு 450 எரிதல். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 1350. அதாவது நொடிக்கு 22-க்கு மேல். இவற்றில் சில தவறினாலும் வண்டி குலுங்கும்.

காலை எடுத்ததும் கார்புரேட்டரின் காற்றுவழித் தகடு ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன, வழியோ அடைந்திருக்கிறது. அதனால் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள குழாயில் அழுத்தம் மிகவும் குறைகிறது. இந்த நிலையில் ஐட்லிங் ஜெட் என்னும் ஊசித்துளை வழியாக மிகக் கொஞ்சம் பெட்ரோல் வருகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மொத்த அளவே சிறியது என்பதால், எங்கிருந்தோ நுழையும் சிறிதளவு காற்றும் இந்த விகிதத்தைக் கெடுத்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது அதே கசிவு தெரியாது. உள்ளே போகும் காற்று பல மடங்கு என்பதால் கசிவின் பங்கு சொற்பமாகிவிடும்.

முதலில் கேட்டல்

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பானெட்டைத் திறந்து கேட்க வேண்டும். குலுக்கல் தாளம் தவறாமல், குறித்த இடைவெளியில் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டரில்தான் குறை. மெக்கானிக்குகள் 'மிஸ் அடிக்குது' என்பது இதைத்தான். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குகிறதா? எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காற்றிலோ பெட்ரோலிலோ குறை இருக்கலாம். ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தியதும் சீராகிவிட்டால் காற்றுக் கசிவின் மீதும் ஐட்லிங் ஜெட்டின் மீதும் ஐயம் கூடுகிறது.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தல்

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்க வேண்டும். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும். ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: காற்று கசிகிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. ஓட்டம் மோசமாகி, புகை கறுத்தால் பெட்ரோல் மிகுதி.

இரண்டாவது, கசிவைத் தேடுவது. கார்புரேட்டருக்குக் கீழிருந்து பிரியும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, பழைய துணி சுற்றிய குறடால் மென்மையாக நெரிக்க வேண்டும். எதை நெரித்ததும் ஓட்டம் மாறி நிலைக்கிறதோ அதிலோ, அது சென்று சேரும் பாகத்திலோ கசிவு உண்டு. என் காரின் குறை இப்படித்தான் பிடிபட்டது. ஒரு நீண்ட குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டு சென்றால் 'உஸ்' என்ற ஒலி கேட்கும். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் செய்யும் வேலைதான் இது.

மூன்றாவது, தீப்பொறி. பிளக் நுனியின் நிறம் ஒரு சான்று. வெளிர் பழுப்பு நல்லது. உலர்ந்த கறுப்புக் கரி பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே ஆயில் ஏறுவதையும், வெளுத்த நிறம் பெட்ரோல் குறைவையும் காட்டும். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்தால், பிளக் வயர்களில் மின்சாரம் கசியும் இடம் நீலப் பொறியாகத் தெரியலாம். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் வயர் முனைகளில் களிம்பு ஏறுவது இயல்பு; அதையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் அழுத்தச் சோதனை தேவை. வால்வு சரியாக மூடாத இன்ஜினை வெளியிலிருந்து எந்தத் திருகாணியைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது.

திருகாணி கடைசியில்

கார்புரேட்டரில் கலவைத் திருகாணி, வேகத் திருகாணி என இரண்டு உண்டு. பலரும் முதலில் தொடுவது இவற்றைத்தான். கசிவு இருக்கும்போதே வேகத்தைக் கூட்டினால் குலுக்கல் மறையும், குறை மறையாது. பெட்ரோல் வீணாகும். பெட்ரோல் கார்களுக்கான புகைச் சோதனை ஐட்லிங்கில்தான் நடக்கிறது என்பதால் அங்கேயும் மாட்டிக்கொள்வோம். தொட்டே ஆக வேண்டுமென்றால், எத்தனை சுற்று திருப்பினோம் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பயன் தராவிட்டால் பழைய நிலைக்கே திருப்ப வேண்டும்.

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், மாருதி 800 ஆகியவற்றில் கார்புரேட்டர் கொண்ட வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவுக்குக் கலவை சற்று மெலியும். பழைய ரப்பர் குழாய்களும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எனவே ஆண்டுக்கு ஒருமுறை குழாய்களை வளைத்துப் பார்ப்பது நல்லது.

எச்சரிக்கை: மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, உயிரைப் பறிக்கும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைத் தொடுவதும், கசிவைத் தேடப் பெட்ரோல் தெளிப்பதும் ஆபத்து. துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை பெல்ட்டின் அருகே போகக் கூடாது.

வகுப்பறைக்கு

'கேட்டது, ஐயம், சோதனை, முடிவு' என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, இந்தக் காரின் கதையை மாணவர்களைக் கொண்டே நிரப்பலாம். அறிவியல் முறை என்பதை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாக மனத்தில் நிற்கும். எரிதல் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்களே போட்டுவிடுவார்கள்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு குழந்தை 52 − 27 = 35 என்றும், 63 − 28 = 45 என்றும் எழுதுகிறது. இரண்டும் தவறு என்று சுழித்து, மேலும் இருபது கணக்குகள் கொடுப்பது பார்க்காமல் பிளக் மாற்றுவது போன்றது. உற்றுப் பார்த்தால் அந்தத் தவறுக்கு ஒரு தாளம் இருக்கிறது: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது. கடன் வாங்குதல் என்ற ஓர் இடத்தில்தான் குறை. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் போதும். இன்னொரு குழந்தையின் தவறுகளில் எந்த ஒழுங்கும் இல்லை. அந்தக் குழந்தைக்குக் கணக்கு தெரியாமல் இருக்காது. காலையில் சாப்பிட்டதா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்க வேண்டியிருக்கும்.

குறைதீர் கற்பித்தலுக்கு முன்னால் குறையறி தேர்வு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இப்போது என் மேசையில் அந்த வெடித்த ரப்பர் குழாய்த் துண்டு இருக்கிறது. விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.