இதயமும் நிற்கும், மூளையும் உறங்கும்... உடலைக் குளிரவைத்து உயிர் காக்கும் அறுவை சிகிச்சை!

'கந்தக பூமி' என்று பெயரெடுத்த ஊர் சிவகாசி. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என எந்தப் பக்கம் போனாலும் வெயில்தான். பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு வெப்பத்தின் குணம் நன்றாகத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். சூடு கூடினால் வேதிவினை வேகமெடுக்கும், குளிர்ந்தால் அடங்கும்.

இதே விதியை வைத்துத்தான் இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள் மூளையைக் காப்பாற்றுகிறார்கள். நோயாளியின் உடலை 18 - 20 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைக்கிறார்கள். இதயம் நிற்கிறது. இதயத்துக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையும் நிறுத்துகிறார்கள். நாடித்துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. மூளையின் மின்னலைகளைக் காட்டும் கோடுகூட நேர்கோடாகிவிடுகிறது. அந்த அமைதியில் ரத்தக்குழாயைச் சரிசெய்து, மீண்டும் சூடேற்றி, ஆளை எழுப்பிவிடுகிறார்கள்.

நம்ப முடியவில்லையா? எப்படி என்று பார்ப்போம்.

எல்லா இதய ஆபரேஷனுக்கும் இது தேவையா?

இல்லை. பைபாஸ், வால்வு மாற்றுவது போன்ற வழக்கமான அறுவை சிகிச்சைகளுக்கு ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. இதயம் நின்றாலும், இதய - நுரையீரல் இயந்திரம் உடல் முழுக்க ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் வருவது பெருந்தமனியின் வளைவில். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, கைத்தடியின் பிடிபோல வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவிலிருந்துதான் மூளைக்கும் கைகளுக்கும் போகும் கிளைக் குழாய்கள் பிரிகின்றன. அந்த இடம் கிழிந்தாலோ, பலூன்போல வீங்கினாலோ, வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும். ஓடும் குழாயை வெட்டினால் ரத்தம் பீறிடும். ஆகவே, ஓட்டத்தை நிறுத்தித்தான் தீர வேண்டும். பிறவியிலேயே பெரிய ரத்தக்குழாய்களில் குறை உள்ள சில பச்சிளம் குழந்தைகளுக்கும் இந்த முறை தேவைப்படுகிறது.

மூளையின் நிமிடக் கணக்கு

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பும் கிடையாது. அன்றாடக் கூலியில் அன்றாடம் சமைக்கும் குடும்பம்போல, வந்ததை உடனே செலவழித்துவிடும். வழக்கமான 37 டிகிரியில் ரத்தம் நின்றால், சுமார் 5 நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்கும்.

குளிர வைத்தால் இந்தச் செலவு குறைகிறது. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 - 7 சதவிகிதம் குறையும். அறுவை சிகிச்சை நிபுணர்கள் தோராயமாக வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு இது:

- 37 டிகிரி - 5 நிமிடங்கள்
- 30 டிகிரி - 9 நிமிடங்கள்
- 25 டிகிரி - 14 நிமிடங்கள்
- 20 டிகிரி - 21 நிமிடங்கள்
- 15 டிகிரி - சுமார் 30 நிமிடங்கள்

ஏசி ரிமோட்டில் 18 வைத்தாலே நாம் போர்வை தேடுவோம். இங்கே ரத்தமே அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. ஆனாலும் கிடைப்பது அரை மணி நேரம்கூட இல்லை. 40 நிமிடங்களைத் தாண்டினால் பக்கவாத அபாயம் தெளிவாகக் கூடுகிறது. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் நிமிடங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மாட்டுத் தொட்டியில் ஒரு மறுபிறவி

யோசனை பிறந்தது பனி கொட்டும் கனடாவில். குளிரில் உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த டாக்டர் வில்ஃபிரட் பிகலோ, உடலைக் குளிரவைத்தால் இதயத்தைத் திறந்து அறுவை செய்ய முடியும் என்று 1950-ல் விலங்குகளிடம் செய்த ஆய்வின் மூலம் காட்டினார்.

1952 செப்டம்பர் 2. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜான் லூயிஸ் குழு, இதயத்தில் ஓட்டையுடன் இருந்த 5 வயதுச் சிறுமியைக் குளிர்ந்த நீர் ஓடும் ரப்பர் விரிப்புகளால் சுற்றி 28 டிகிரிக்குக் கொண்டுவந்தது. ரத்தம் நின்ற ஐந்தரை நிமிடங்களில் ஓட்டையைத் தைத்து முடித்தார்கள். பிறகு, சிறுமியைச் சூடேற்றப் பயன்பட்டது, பண்ணையில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி! அதில் வெந்நீர் நிரப்பிப் படுக்கவைத்தார்கள். சிறுமி பிழைத்தாள்.

1953-ல் இதய - நுரையீரல் இயந்திரம் மனிதரிடம் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்பட்டது. 1959-ல் லண்டனில் டாக்டர் சார்லஸ் ட்ரூ, உடல் வெப்பத்தை 15 டிகிரிவரை இறக்கிக் காட்டினார். 1975-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் ராண்டல் கிரெப், இதே முறையில் பெருந்தமனி வளைவையே மாற்றும் வழியை வெளியிட்டார். அதே 1975-ல்தான் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன், இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார்.

குளிரின் காக்கும் சக்திக்கு இயற்கையே ஒரு சாட்சி தந்தது. 1999-ல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிப்படலத்துக்கு அடியில் 80 நிமிடங்கள் சிக்கிக்கொண்டார், அன்னா போகன்ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர். அவர் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. இதயமும் நின்றிருந்தது. இயந்திரத்தின் உதவியால் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். பிழைத்து, மீண்டும் மருத்துவப் பணிக்கே திரும்பினார்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது?

மயக்க மருந்து கொடுத்த பிறகு, ரத்தத்தை இயந்திரம் வழியாகச் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைப்பார்கள். அவசரப்பட்டால் வெளியே குளிர்ந்து, மூளையின் உள்பகுதி சூடாகவே இருந்துவிடும். தலையைச் சுற்றி ஐஸ் பைகளும் வைப்பதுண்டு. நெற்றியில் ஒட்டும் சென்சார், மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது பல மையங்களில் முழு நிறுத்தத்தை மட்டும் நம்புவதில்லை. வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ள தமனி வழியாக, மூளைக்கு மட்டும் குளிர்ந்த ரத்தத்தைச் சிறிதளவு அனுப்புகிறார்கள். வீடு முழுக்க கரன்ட் போனாலும், இன்வெர்ட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரிவதுபோல! இதனால், 24 - 28 டிகிரி குளிரே போதும் என்ற நிலை பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஆழ்ந்த குளிரில் ரத்தம் உறைவதில் ஏற்படும் கோளாறும் குறைகிறது.

சூடேற்றுவதும் குளிரவைப்பது போலவே நிதானமாக நடக்க வேண்டும். மூளை 37 டிகிரியைத் தாண்டிச் சூடானால், அதுவரை காப்பாற்றியது வீணாகலாம்.

குழந்தைகள் கற்றுத்தந்த பாடம்

உயிர் பிழைத்தால் போதுமா, மூளை முழுதாக மீள வேண்டாமா? இந்தக் கேள்வியோடு 1988-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஓர் ஆய்வு தொடங்கியது. பெரிய ரத்தக்குழாய்கள் இடம்மாறிப் பிறந்த 171 குழந்தைகளில், ஒரு பகுதியினருக்கு முழு நிறுத்தம். மற்றவர்களுக்குக் குறைந்த அளவு ரத்த ஓட்டம். ஒரு வயதில் பார்த்தபோது, முழு நிறுத்தத்துக்கு உள்ளான குழந்தைகள் கை, கால் அசைவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். எட்டு வயதிலும் பேச்சிலும் கைத்திறனிலும் வித்தியாசம் தெரிந்தது. அதன் பிறகுதான், முடிந்தவரை நிறுத்தும் நேரத்தைக் குறைப்பது உலகெங்கும் வழக்கமானது. இப்படி ஆபரேஷன் ஆன குழந்தைகளின் பேச்சையும் படிப்பையும் பள்ளி வயதுவரை கவனிக்கச் சொல்வதும் இதனால்தான்.

'வாயு'தான் என்று விட்டுவிடாதீர்கள்!

நம் ஊரில் நெஞ்சு வலித்தால் முதலில் வருவது சோடாவும் சுக்குக் கஷாயமும். பெருந்தமனி கிழிந்தால் வரும் வலி வேறு ரகம். நெஞ்சிலோ, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகிலோ, கத்தியால் கிழித்ததுபோலத் திடீரென்று உச்சத்தில் தொடங்கும். சிலருக்கு ஒரு கை மரத்துப்போகும், பேச்சு குழறும், மயக்கம் வரும். வளைவுக்கு முந்தைய பகுதி கிழிந்து, சிகிச்சை கிடைக்காவிட்டால், ஒவ்வொரு மணி நேரமும் உயிரிழப்பு அபாயம் 1 - 2 சதவிகிதம் கூடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு.

மாரடைப்புக்கு உயிர்காக்கும் 'கட்டி கரைக்கும் ஊசி', இந்தக் கிழிசலில் ஆபத்தாகிவிடும். ஆகவே, சந்தேகம் வந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதிசெய்வார்கள். நீங்களே மாத்திரை கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். சிவகாசியிலிருந்து மதுரைக்கு சுமார் 70 கிலோமீட்டர். இதய அறுவை சிகிச்சை வசதி எங்கே இருக்கிறது என்று முதல் மருத்துவமனையிலேயே கேட்டுவிடுங்கள். கிழிசல் உறுதியானால் அலைச்சல் மிச்சமாகும். இன்னொன்று, இந்தக் குளிர் வைத்தியம் தியேட்டருக்குள் மட்டும்தான். வீட்டில் நெஞ்சில் ஐஸ் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இவற்றைக் கேட்கலாம்:

- ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்துவீர்களா? உத்தேசமாக எவ்வளவு நேரம்?
- அந்த நேரத்தில் மூளைக்குத் தனியாக ரத்தம் கிடைக்குமா?
- பக்கவாத அபாயம் இவருக்கு எவ்வளவு?
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா?

ஐசியூவில் கண் விழித்ததும் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் பேசலாம், உளறலாம். பெரும்பாலும் சில நாள்களில் இது தெளியும். பயந்துவிடாமல், நர்ஸிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த அறுவை சிகிச்சை எவ்வளவு முன்னேறினாலும், அந்த மேஜைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பெருந்தமனி கிழிவதற்கு முக்கியக் காரணம், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம். எண்ணெய் பரோட்டாவை மாதத்தில் ஒருநாள் ரசித்துச் சாப்பிடுங்கள்; பி.பி. மாத்திரையை ஒருநாள்கூட விடாதீர்கள். புகைப்பதை நிறுத்துங்கள். குடும்பத்தில் யாருக்காவது பெருந்தமனி வீக்கம் இருந்தாலோ, இள வயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலோ, மற்றவர்களும் ஒரு முறை எக்கோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லாத சோதனை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.