கையும் கருவியும் – 9: இரண்டு கட்டை, ஒரு கயிறு

சென்ற வாரம் ஒகினாவாவின் நெடுங்கழியான ‘போ’வைப் பார்த்தோம். அந்தத் தீவின் ஆயுதக் கலையான கோபுடோவில் முதலிடம் அதற்குத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த ‘கட்டா’ எனும் பயிற்சி அசைவு வரிசைகள் போவுக்கு ஏராளம். இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் நன்சாக்குக்கோ பழைய கட்டாக்கள் மிகக் குறைவு. இன்று சொல்லித்தரப்படுபவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் கோத்தவை. பிறந்த ஊரிலேயே ஓரமாகக் கிடந்த ஆயுதம் இது.

நெல்லடிக்கும் கருவியிலிருந்து வந்தது என்பார்கள். குதிரைக் கடிவாளத்தின் மரக்கட்டையிலிருந்து என்பார்கள். சீனத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. 1609இல் ஜப்பானின் சத்சுமா சாமுராய்கள் ஒகினாவாவை ஆண்ட ரியூக்கியூ அரசை வென்றார்கள், ஆயுதம் இழந்த விவசாயிகள் களத்துமேட்டுக் கருவியைக் கையிலெடுத்தார்கள் என்ற கதைதான் அதிகம் பரவியிருக்கிறது. அதை நான் நம்பவில்லை. இந்தக் கலைகளைப் பேணியவர்களில் பலர் அரசுப் பணியிலிருந்த பெச்சின் வகுப்பினர். ஏர் பிடித்தவர்கள் அல்லர்.

கருவியைக் கையில் வாங்கிப் பாருங்கள். முன்கை நீளத்துக்கு, ஏறக்குறைய 30 செ.மீ.க்கு, இரண்டு கட்டைகள். உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ இழைத்திருப்பார்கள். தலைப்பில் துளையிட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கயிறு கோத்திருக்கும். ஒரு கட்டையைப் பிடித்துச் சுழற்றினால் மறு கட்டையின் நுனி கையைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும். அந்த வேகம்தான் எல்லோரையும் மயக்குகிறது. சிக்கல் அடி விழுந்த பிறகு ஆரம்பிக்கிறது. கம்பால் அடித்தால், அடித்த பிறகும் கம்பு கையின் சொல் கேட்கும். நன்சாக் கெட்டியான இடத்தில் பட்டதும் எகிறும். எந்தப் பக்கம் என்பது பட்ட கோணத்தைப் பொறுத்தது. சுழற்றியவரின் முழங்கையிலோ நெற்றியிலோ வந்து விழும். தேர்ந்த கையாளர் சுழற்றுவதோடு நிற்பதில்லை. இரு கட்டைகளையும் சேர்த்துப் பிடித்துத் தடுப்பார், எதிராளியின் மணிக்கட்டைக் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கவைத்து முறுக்குவார். 1980களில் அமெரிக்கக் காவல்துறையினர் சிலர் பிளாஸ்டிக் நன்சாக் வைத்திருந்ததும் இந்தப் பிடிக்காகவே. லாஸ் ஏஞ்சல்ஸில் போராட்டக்காரர்களின் மணிக்கட்டுகளை அது பதம் பார்த்ததில் வழக்கு வரை போனது.

உலகம் முழுக்க இதைக் கொண்டுபோனவர் புரூஸ் லீ. அவருக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஒகினாவாக்காரர் அல்லர்; கலிபோர்னியாவில் பிறந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரான டான் இனோசாண்டோ. 1972இல் வந்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் ஷாங்காய் நகரத்து ஜப்பானியப் பயிற்சிக்கூடத்துக்குள் நுழையும் லீ, மாணவர்களை நன்சாக்கால் வீழ்த்துகிறார். அதே ஆண்டு ‘வே ஆஃப் தி டிராகன்’. அதில் ஓர் அடியாள் நன்சாக்கை எடுத்துச் சுழற்றி, தன் தலையிலேயே அடித்துக்கொண்டு விழுவான். சிரிப்புக்காக வைத்த காட்சிதான். ஆனால் இந்தக் கருவியைப் பற்றி இவ்வளவு உண்மையான காட்சி வேறு எந்தப் படத்திலும் இல்லை என்பேன். 1973 ஜூலை 20 அன்று லீ இறந்தார். அடுத்த மாதம் ‘என்டர் தி டிராகன்’ வெளியானது. அதன் பாதாளச் சண்டையைப் பார்த்த பையன்கள் ஊருக்கு ஊர் துடைப்பக் கட்டையை அறுத்துச் சங்கிலி மாட்டினார்கள்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. நியூயார்க் மாநிலம் 1974இல் நன்சாக் வைத்திருப்பதையே தடை செய்தது. பிரிட்டனில் தணிக்கை வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஃபெர்மன், சிறுவர்கள் பார்த்துச் செய்வார்கள் என்று அஞ்சி, 1979இல் ‘என்டர் தி டிராகன்’ படத்திலிருந்தே நன்சாக் காட்சிகளை வெட்டினார். கார்ட்டூன் வீரர்களான நிஞ்ஜா ஆமைகளில் மைக்கேலாஞ்சலோவின் ஆயுதம் இதுதான். 1991இல் வந்த இரண்டாம் ஆமைப் படத்தில் அவன் கோத்த சாசேஜ்களை நன்சாக் போலச் சுழற்றுவதும் அங்கே வெட்டப்பட்டது. ஃபெர்மன் 1999இல் ஓய்வு பெற்ற பிறகுதான் பிடி தளர்ந்தது. 2001இல் லீயின் படம் முழுசாக வந்தது. நியூயார்க் தடையோ 44 ஆண்டுகள் நீடித்தது. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய விரும்பிய ஒருவர் தானே வழக்காடி, 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதை முறியடித்தார்.

தடை போட்டவர்களின் அச்சத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் அஞ்சியது லீயின் திரை வேகத்தை. அந்த வேகத்துக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. ஒரு மாதம் சுழற்றிய கையால் எதிராளியைவிடத் தன்னையே அதிகம் காயப்படுத்திக்கொள்ள முடியும். கையின் லயத்தையும் இரு கைகளின் சமநிலையையும் வளர்க்க அருமையான கருவி இது. சண்டைக்கு நம்பி எடுத்துப்போகக் கூடாத ஆயுதமும் இதுவே.

பிள்ளை கேட்டான் என்று வாங்கித் தருகிறவர்கள் நுரை உறை போட்ட, கயிறு கோத்த நன்சாக்கையே வாங்குங்கள். மரமும் சங்கிலியும் ஆசிரியர் ‘போதும், தயார்’ என்று சொன்ன பிறகு போதும். பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துச் சுழற்றச் சொல்லுங்கள்; கண்ணாடி அணிந்த பிள்ளையானால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகட்டும்.

(தொடரும்)