பாட்டா, பஸ் சத்தமா? உங்கள் காதில் ஒரு போட்டி!

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது? இதுக்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம், இல்லையா? அடுத்த கேள்வி... அந்தப் பாட்டைக் கடைசியாக எங்கே கேட்டீர்கள்?

வீட்டு ஊஞ்சலில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன் என்றால் நீங்கள் பாக்கியசாலி. சென்னை மாதிரி ஊரில் பெரும்பாலானவர்களின் பதில் வேறு. ‘29சி பஸ்ஸில்’, ‘தாம்பரம் ட்ரெயினில்’, ‘சட்னி அரைக்கிறப்ப எஃப்.எம்.ல’, ‘பீச் ரோட்டுல வாக்கிங் போறப்ப’... இப்படித்தான் சொல்வார்கள். நகரத்தில் பாட்டு கேட்பதற்கென்று தனியாக நேரம் கிடைப்பதில்லை. போகிற வழியில், வேலைக்கு நடுவில், கிடைத்த சந்தில் காதில் மாட்டிக்கொள்கிறோம்.

அதில் தப்பு ஒன்றுமில்லை. சொல்லப்போனால், கசகசக்கிற பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கிறவரை எரிந்து விழாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதே பல நாள் அந்தப் பாட்டுதான். சிக்கல் பாட்டில் இல்லை. பாட்டுக்கும் தெரு இரைச்சலுக்கும் நடக்கிற போட்டியில் நாம் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறோமே, அதில் இருக்கிறது.

முதலில் நல்ல விஷயத்தைப் பார்த்துவிடுவோம். பிடித்த பாட்டு கேட்டால் மனசு லேசாகிறது என்பது வெறும் பேச்சு இல்லை. 2011-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் சிலரை, அவரவருக்குச் சிலிர்ப்புத் தருகிற இசையைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நல்ல சாப்பாடு கிடைத்தால் மூளையில் சுரக்குமே டோபமின், அதேதான் இங்கேயும் சுரந்தது. அதுவும் எப்போது? சிலிர்க்கிற அந்த இடத்தில் மட்டுமல்ல, ‘இதோ வரப்போகுது’ என்று காத்திருக்கிற சில விநாடிகளிலேயே! சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பப் போகிறது என்று தெரிந்தவுடன் உங்கள் விரல் ஜன்னல் கம்பியில் தாளம் போட ஆரம்பிக்கிறதே... அதுதான்.

சின்ன வயசுப் பாட்டு மட்டும் ஏன் தனியாக இனிக்கிறது தெரியுமா? பத்து வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை நடந்த விஷயங்களைத்தான் நம் ஞாபகம் அதிகமாகச் சேமித்து வைக்கிறது. பாட்டும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது பள்ளிக்கூடம் போனவர் ஒரு கட்சி. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது காலேஜ் போனவர் இன்னொரு கட்சி. வீட்டில் இரண்டு பேரும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சண்டைதான்! யாரும் ஜெயிக்க முடியாத வழக்கு அது. நான் தலையிடப் போவதில்லை.

இத்தனை சந்தோஷமும் எந்த வழியாக உள்ளே போகிறது? காது வழியாக. அந்தக் காதின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

நத்தைக் கூட்டுக்குள்ளே...

உள்காதில் காக்ளியா என்று ஒரு சின்ன உறுப்பு. பார்ப்பதற்கு நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும். அதற்குள் வரிசை வரிசையாக ஹேர் செல்கள். ஒரு காதுக்கு சுமார் பதினைந்தாயிரம் இருக்கும். தலையில் நுண்ணிய இழைகளோடு நிற்கிற செல்கள் இவை. ஒலி வந்து அசைத்தால், அந்த அசைவை மின் சைகையாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. காற்றடித்தால் வயலில் நெற்பயிர் சாய்ந்து நிமிருமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய காற்று என்றால் பிரச்னை இல்லை. புயல் அடித்தால் பயிர் படுத்துவிடும். கொஞ்ச நேரம் அடித்த புயல் என்றால் மறுபடி நிமிரும். தினமும் அடித்தால்?

வயலிலாவது அடுத்த போகம் நடலாம். இந்த செல்கள் மனிதருக்கு மறுபடி முளைக்காது. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கடைசி வரை. கோழி, குருவிக்கெல்லாம் திரும்ப முளைக்கிறதாம். நமக்கு அந்த பாக்கியம் இல்லை!

கண்ணுக்கு இமை உண்டு, வேண்டாததைப் பார்க்காமல் மூடிக்கொள்ளலாம். காதுக்கு மூடி கிடையாது. தூங்கும்போதும் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒலியின் அளவு டெசிபல். இது நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரி இல்லை. 80 டெசிபலுக்கும் 83-க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைப்போம். ஆனால், காதில் வந்து விழுகிற ஒலிச் சக்தி அந்த மூன்றுக்கே இரண்டு மடங்காகிவிடும். இதில் மோசமான விஷயம் என்னவென்றால், நம் காதுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியவே தெரியாது. ‘கொஞ்சம் ஏறியிருக்கு’ என்று தோன்றும், அவ்வளவுதான்.

சாதாரணமாக வீட்டில் பேசுவது 60 டெசிபல் வாக்கில். பழைய டீசல் பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட் என்றால் 80-ஐ எட்டுவது சகஜம். பக்கத்தில் வந்து ஏர் ஹாரன் அடித்தால் 100. போனில் வால்யூமை முழுசாக ஏற்றி இயர்போனில் கேட்டால் அதுவும் 100-ஐத் தாண்டலாம். ஆமாம், ஏர் ஹாரனும் உங்கள் அபிமானப் பாடகரும் ஒரே தட்டில்! ஹாரன் நாலு விநாடியில் போய்விடும். பாடகர் நாலரை நிமிஷம் பாடுவார்.

செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்த கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு ஓர் அளவு சொன்னது. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அளவு ஏற ஏற நேரம் மளமளவென்று குறையும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 95 என்றால் ஒன்றேகால் மணி. 100 என்றால் 20 நிமிஷம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கே 20 நிமிஷம்! குழந்தைகளுக்கு இதைவிடக் கண்டிப்பு: 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான்.

இதை ஒரு சாதாரண ஆபீஸ் போகிறவருக்குப் போட்டுப் பாருங்கள். பெரம்பூரிலிருந்து அடையாறு. போக ஒரு மணி, வர ஒரு மணி. பஸ் இரைச்சலே 80. பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு மேலே போக வேண்டும். விரல் தானாகவே 85, 90 என்று தள்ளிவிடும். திங்கள் இரண்டு மணி, செவ்வாய் இரண்டு மணி... செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த வாரத்துக்கான கணக்கு முடிந்துவிட்டது. புதன் முதல் சனி வரை கேட்பதெல்லாம் கடன்.

அதே மனிதர், அதே பாட்டு, ராத்திரி வீட்டில் சின்னதாக வைத்து 70 டெசிபலில் கேட்டால் ஒரு பாதகமும் இல்லை. பாட்டைக் கெடுத்தது யார் என்று புரிகிறதா?

மெட்ரோ ரயில், 2025-லிருந்து சென்னையில் ஓடுகிற மின்சார பஸ் இவற்றில் எல்லாம் எஞ்சின் உறுமல் இல்லை. அவற்றில் போகிறவர்கள் வால்யூமைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கும். பழைய பஸ்ஸில் பழகின விரல், புது வண்டியிலும் பழைய அளவையே வைக்கிறது!

எது முதலில் போகும்?

‘காது மந்தம்’ என்றால் எல்லாமே சன்னமாகக் கேட்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இரைச்சலால் வருகிற பாதிப்பு அப்படி ஆரம்பிப்பதில்லை. நம் காதுக் குழாயின் அமைப்பே 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் வருகிற ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்பும். அதனால் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதல் அடி விழுகிறது. பியானோவின் கடைசிக் கட்டை இருக்கிற இடம் அது.

பேச்சில் ச, ஸ, த, ஃப மாதிரியான எழுத்துகளின் கூர்மை இந்த மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. அ, ஆ, ஓ எல்லாம் கீழே. அதனால் என்ன ஆகும்? சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. ‘பேசறது கேக்குது, என்ன பேசறேன்னுதான் தெரியலை’ என்பார்கள். கல்யாண மண்டபத்தில், ஹோட்டலில், நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில் சும்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு வருவார்கள். வீட்டில் ‘முணுமுணுக்காம பேசேன்’ என்று மனைவி மேல் எரிச்சல். டி.வி. சத்தம் மெல்ல மெல்ல ஏறும். அவர் வேண்டுமென்றே செய்வதாக வீட்டில் சண்டை.

பாட்டிலோ மெட்டு அப்படியே இருக்கும். மெருகு போய்விடும். சலங்கை, ஜால்ரா, வயலினின் பளபளப்பு, வீணைத் தந்தியை மீட்டும்போது நுனியில் வருகிற அந்தச் சின்ன ‘சிலீர்’... எதற்காக வால்யூமை ஏற்றினீர்களோ, அதுதான் முதலில் விடைபெறும். அப்போது என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம்!

கச்சேரியோ கோயில் திருவிழாவோ, பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் காது ‘ங்ஙொய்’ என்று கத்தும், பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். காலையில் எழுந்தால் சரியாகியிருக்கும். ‘சரியாகிடுச்சே’ என்று விட்டுவிடுகிறோம். 2009-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கேட்கும் திறன் பழையபடி திரும்பிய எலிகளிலும், ஹேர் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கிற இணைப்புகளில் பல நிரந்தரமாக அறுந்து போயிருந்தன. மனிதரில் இது எந்த அளவுக்கு என்று ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆனால், காது கத்துவது ஒரு புகார் மனு என்பதில் மட்டும் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

என்னதான் செய்வது?

பாட்டை விடச் சொல்லப் போவதில்லை. பயப்படாதீர்கள்.

வீட்டில், அமைதியான அறையில், இயர்போனில் பாட்டு போட்டுச் சுகமாகக் கேட்கிற அளவு எது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வால்யூமில் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பஸ்ஸில் அந்த அளவில் பாட்டு கேட்கவில்லை என்றால், பஸ் ஜெயித்துவிட்டது என்று விட்டுக்கொடுங்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போது தானாகவே கேட்கும்! இப்போது பல போன்களின் செட்டிங்ஸில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கலாம். பிள்ளைகள் போனில் நீங்களே வைத்துக் கொடுங்கள். அவர்களாக வைக்க மாட்டார்கள்.

தினமும் நீண்ட பயணம் என்றால், இரைச்சலைக் குறைக்கிற ‘நாய்ஸ் கேன்சலிங்’ இயர்போன் நிஜமாகவே உதவும். வெளியே வருகிற ஒலியை ஒரு சின்ன மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிடும். எஞ்சின் உறுமல், ஏ.சி. இரைச்சல் மாதிரி ஒரே சீராக வருவதை நன்றாக அடக்கும். திடீரென்று அடிக்கிற ஹாரனை அவ்வளவாக அடக்காது. காசு கொஞ்சம் அதிகம்தான். வாங்கினவர்கள் வால்யூமைக் குறைக்காமல் கேட்டால் அந்தக் காசும் வீண். ரோட்டைக் கடக்கும்போது, வண்டி ஓட்டும்போது, முக்கியமாகத் தண்டவாளம் பக்கம் போகும்போது எந்த இயர்போனும் வேண்டாம். இரண்டு காதையும் ஊருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சமையலறையில்? மிக்ஸி போடும்போது ரேடியோவை ஏற்றாதீர்கள். சட்னி அரைபட ஒன்றரை நிமிஷம். அதற்குள் ஒரு சரணம் போனால் போகிறது. மிக்ஸி நின்ற பிறகும் ரேடியோ அதே சத்தத்தில் மத்தியானம் வரை அலறுகிற வீடுகள் எத்தனை!

டிசம்பர் சீசனில் சபா போகிறவர்களுக்கு ஒன்று. முதல் வரிசை கௌரவம்தான். ஆனால், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருந்தால் மிருதங்கம் உங்கள் நெஞ்சில் வாசிக்கும். நடு அரங்கில் நாலு வரிசை தள்ளி உட்காருங்கள். ராகமும் நன்றாகக் கேட்கும், கேன்டீனுக்கும் கிட்ட.

ஒலிபெருக்கி விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு அனுமதிக்கிற சில விழா நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை சலுகை. ஆடி மாசத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்கிறீர்களா? விழாக் கமிட்டியில் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ‘சார், இந்த ஸ்பீக்கர் வாயை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்களேன், வீட்ல பரீட்சைக்குப் படிக்கிற பையன்’ என்று சொன்னால், பெரும்பாலும் திருப்பி வைப்பார்கள்.

காது கத்துவது ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், கூட்டத்தில் பேச்சு புரியாமல் தடுமாறினால், ஈ.என்.டி. டாக்டரிடம் போய் ‘ஆடியோகிராம்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி விதவிதமான ‘பீப்’ ஒலி கொடுப்பார்கள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலி கிடையாது, அரை மணிக்குள் முடிந்துவிடும். 4,000-க்குப் பக்கத்தில் கோடு குழி விழுந்திருந்தால் டாக்டரே காட்டிச் சொல்லுவார்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. இரவு நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்தால் ஒரு பக்கக் காது திடீரென்று கேட்கவில்லை என்றால் அதற்குத் தவணை கொடுக்காதீர்கள். அழுக்கு அடைத்திருக்கும், தண்ணி போயிருக்கும் என்று காய்ச்சின எண்ணெய் விட்டுப் பார்க்கவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ, கேட்கும் திறன் திரும்புகிற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.