ஜெனீவாவுக்கும் கீழ்ப்புத்துப்பட்டுக்கும் நடுவே

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால், உப்பளங்களைத் தாண்டிய பிறகு கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்குள்ள அய்யனார் கோயிலைப் பலருக்குத் தெரியும். இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் அங்கே இருப்பது அவ்வளவாகத் தெரியாது. இலங்கைப் பிரச்சினை என்றதும் செய்திகளில் ஆஸ்லோ, பிரஸ்ஸல்ஸ், ஜெனீவா என்று ஐரோப்பிய ஊர்ப் பெயர்களே அடிபடுகின்றன. அங்கே எடுத்த முடிவுகள் இந்த முகாம்வரை எட்டினவா?

நார்வேயிலிருந்து தொடங்கலாம். ஆசியாவில் காலனி ஆண்ட வரலாறு இல்லாத சிறிய நாடு அது. இலங்கை அரசு, விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பும் அதை நடுவராக ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அதைக் கண்காணிக்க நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஆட்களை அனுப்பின. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாட்டுக்காரர்கள் கண்காணிப்புக் குழுவில் இனி இருக்கக் கூடாது என்றனர் புலிகள். மூன்று நாடுகள் வெளியேற, குழுவில் நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. தடைக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் சமரச வேலையை அது முடமாக்கியது என்பதே என் கணிப்பு. 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது.

இதைவிட வலுவான பிடி வணிகத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகையின்படி, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்கும் வளரும் நாடுகளின் பெரும்பாலான பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி வரி போடுவதில்லை. இலங்கையின் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு இது உயிர்நாடி. சித்திரவதைத் தடுப்பு உள்ளிட்ட மூன்று உடன்படிக்கைகளைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சர்வதேச நெறிகளுக்கு ஏற்ப மாற்றவேண்டும் என்ற வற்புறுத்தல் அதன் பிறகும் தொடர்ந்தது. இந்தப் பிடி அரசை நெருக்குவது உண்மைதான். ஆனால் ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு.

ஜெனீவாவில் நடப்பது ஐ.நா. மனித உரிமைப் பேரவை. அது ஐரோப்பாவின் அமைப்பு அல்ல. 47 நாடுகள் அதில் வாக்களிக்கும். 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு கூடிய சிறப்பு அமர்வில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானமே 29 வாக்குகளில் நிறைவேறியது. இந்தியாவும் அதற்கு வாக்களித்தது. 2021 மார்ச்சில் பிரிட்டன் முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11. வாக்களிக்காத 14 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தத் தீர்மானத்தின்படி போர்க்கால மீறல்களுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறார்கள். பேரவையால் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

இவை எல்லாம் கொழும்பைப் பார்த்து நீட்டிய கைகள். முகாம்வாசியின் வாழ்க்கையைத் தொடக்கூடிய ஐரோப்பாவில் பிறந்த ஏற்பாடு வேறொன்று: 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, 1967ஆம் ஆண்டின் நெறிமுறையால் உலகுக்கெல்லாம் பொருந்துவதாயிற்று. இந்தியா இரண்டிலும் கையெழுத்திடவில்லை.

விளைவைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். விமானமேறி சுவிட்சர்லாந்துக்கோ பிரான்சுக்கோ போன அண்ணன் அகதி உரிமை பெற்று, பிறகு குடிமகனும் ஆகியிருப்பார். படகேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்ட தம்பி இன்னும் முகாம் பதிவேட்டில் இருப்பார். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோர் இருவருமே குடிமக்கள் அல்லாதபோது, பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை.

தமிழக அரசு 2021இல் வீடு, கல்வி, உதவித்தொகை என்று சுமார் 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்றும் பெயர் மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமைக்கான வழி அந்த ஆணையில் இல்லை. அதைத் திறக்கும் அதிகாரம் டெல்லியிடம்தான் இருக்கிறது.